பத்து மணிக்குக் கேட்கிற போன்

பாப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அம்மாவுக்குக் கால்வலி தேவலை.

பொங்கலுக்கு வந்தபோது உன் பழைய போனைக் கொடுத்துவிட்டுப் போனாயே, நன்றாகவே இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான். ராத்திரி பத்து மணி ஆனால் டிங் என்கிறது. இன்றைக்கு எப்படி இருக்கிறாய் என்று இங்கிலீஷில் ஒரு கேள்வி, கீழே ஐந்து மூஞ்சி. ஏதோ விளம்பரம் என்று தொட்டுவிட்டேன். மனசு எப்படி இருக்கிறது என்று நீ தினமும் குறித்து வைத்த ஆப் அது. டிசம்பர் மாதம் முழுக்க வரிசையாக அழுமூஞ்சி. நீ எழுதி வைத்திருந்ததை நான் படிக்கவில்லை. சரி, ஒரு வரி படித்தேன். 'அப்பாகிட்ட சொன்னா பயந்துடுவாரு.'

அதைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு. மகள் பெங்களூரில் பெரிய வேலை என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறேன். உன்னிடமிருந்து எட்டு நாளாகப் போன் இல்லை என்பதை யாரிடம் சொல்ல?

அந்த ஆப்பில் ஒரு வட்டம் வருகிறது. விரியும்போது மூச்சை இழுக்கணும், நாலு எண்ணி நிறுத்தணும், சுருங்கும்போது விடணும். மொட்டைமாடியில் உட்கார்ந்து நானும் செய்து பார்த்தேன். படபடப்பு அடங்கத்தான் செய்கிறது. ஆனாலும் அது கிழிசலுக்கு ஊக்குக் குத்துகிற மாதிரி. அவசரத்துக்கு ஆகும், தைத்துத்தான் ஆகணும். தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

மனக்கஷ்டத்தைச் சொல்லிப் பேச 14416 என்று அரசாங்க நம்பர் ஒன்று இருக்கிறது, டெலி மானஸ் என்று பேர். காசு கிடையாது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அதற்குத் தலைமையான நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி உன் ஊரில்தான், ஓசூர் ரோட்டில். எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? போன வியாழக்கிழமை கூப்பிட்டேன். உன்னைப் பற்றிக் கேட்கத்தான். எடுத்த பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க தூங்குறீங்களா சார்?" என்றாள்.

என் வாயில் பதில் வரவில்லை, பாப்பா.

புதுமண்டபத்திலிருந்து கடையைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய சமயம் உனக்கு நினைவிருக்கும். மிஷின் முன்னால் உட்கார்ந்தால் கை நடுங்கும். ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பேன். அம்மாவிடம் வாயு என்று சொல்லி சோடா குடித்தேன். ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர், நெஞ்சில் ஒன்றுமில்லை, மனநல டாக்டரிடம் காட்டுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். சம்பந்தம் பேச வருகிறவன் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்று பாபின் டப்பாவுக்கு அடியில் மடித்து வைத்தவன்தான். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

அதற்கும் முந்தி, பிளஸ் டூ பரீட்சைக்கு முதல் நாள் நெஞ்சு அடிச்சுக்குதுப்பா என்று நீ வந்து நின்றாய். பாண்டி கோவில் கயிற்றைக் கட்டிவிட்டு, போய்ப் படி என்றேன். என்ன பயம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கடைக்கு லீவு விட்டுவிட்டு, அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பருப்புப்பொடியும் முறுக்கும் மாட்டுத்தாவணியில் பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். வாங்கியதும் போன் பண்ணு. பேச முடியாவிட்டால் மிஸ்டு கால் கொடு, போதும்.

அப்பா