கயலுக்கு, சிங்க் குழாய் விஷயமாக

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய சிங்க் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்திருந்தது ஒரு தட்டு, ஒரு டம்ளர். சரி, குழாய்க்கு வருகிறேன்.

புல்-டவுன் குழாய் நல்ல சாமான்தான். தலையைப் பிடித்து இழுத்தால் ஓஸோடு கீழே வரும், சின்ன சிங்கின் நாலு மூலையையும் அடித்துக் கழுவலாம். ஆனால் பார்க்க அழகாக இருக்கிறதென்று வாங்கிவிடாதே. உன் சிங்குக்கு மேலே தட்டு ஸ்டாண்டு தொங்குகிறது. மேடையிலிருந்து அதன் அடிவரை அள. குழாய் அதைவிட இரண்டு அங்குலமாவது குட்டையாக இருக்க வேண்டும். பெரிய மாடல்கள் 16 அங்குலம், அதற்கு மேலும் போகும். உனக்கு 12, 13 போதும். இட்லிப் பானை நுழையுமா என்று உங்கம்மா கேட்கிறாள். சிங்கே 8 அங்குல ஆழம், தாராளமாக நுழையும். உயரம் கூடினால்தான் வம்பு, தண்ணீர் தெறித்து மேடையெல்லாம் ஈரமாகும். கைப்பிடி முன்பக்கமாகத் திரும்பும் மாடலாகப் பார். பின்பக்கம் சாயும் கைப்பிடி சுவரில் இடித்துக்கொண்டு முழுதாகத் திறக்காது.

இப்போது இருப்பது சுவர்க் குழாய். இது சிங்க் விளிம்பிலோ மேடையிலோ நிற்கும், 35 மி.மீ. துளை வேண்டும். விளிம்பில் மூடி போட்ட துளை இருக்கிறதா பார். இல்லையென்றால் கிரானைட்டில் டைமண்ட் கோர் பிட் (கல்லில் வட்டமாகத் துளைக்கும் டிரில் முனை) வைத்து, தண்ணீர் விட்டுக்கொண்டே துளைக்க வேண்டும். வாடகை வீடு, ஓனரைக் கேட்காமல் கல்லில் கை வைக்காதே. மாப்பிள்ளையை விட்டுக் கேட்கச் சொல்.

நீ இருப்பது மேல்மாடி என்பதால் பிரஷரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தொட்டித் தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஒரு பார் (தண்ணீர் அழுத்தத்தின் அளவு) கிடைக்கும். தொட்டி உன் தலைக்கு மேல் மூன்று மீட்டரில் இருந்தால் 0.3 பார், அதில் ஸ்பிரே சொட்டும், அடிக்காது. இப்போதுள்ள குழாயில் 10 லிட்டர் வாளி நிறைய இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால், பில்டிங்கில் பிரஷர் பம்ப் இல்லாதவரை வாங்காதே.

மாட்டுவது இரண்டு ஆள் வேலை. கீழே படுத்து நட்டை முறுக்கும்போது மேலே ஒருவர் குழாயை நேராகப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் அது சுற்றிக்கொண்டு கோணலாக நிற்கும். மாப்பிள்ளையைப் பிடிக்கச் சொல். நீயே ஸ்பேனர் வாங்கி வைத்திருக்கிறாய் என்றதும் எனக்குப் பெருமைதான். ஆனால் ஸ்பேனர் பற்றி மூன்று மெசேஜ் போடுகிறவள், போனில் "அப்புறம் பேசுறேம்பா" என்று வைத்துவிடுகிறாய்.

சுவரில் காலியாகும் முனைக்கு அரை அங்குல பிளக், டெஃப்லான் டேப் சுற்றி. கனெக்ஷன் பைப்பின் நட்டுக்குள் ரப்பர் வாஷர் இருக்கும். அங்கே டேப் வேண்டாம், கையால் முறுக்கி மேலே கால் சுற்று போதும். அதிகம் முறுக்கினால் வாஷர் பிதுங்கி அங்கேயேதான் ஒழுகும். உனக்கு ஒரே லைன், வெந்நீர் இல்லை. மிக்ஸர் மாடல் வாங்கினால் வெந்நீர் பைப்பைச் சும்மா விடாதே, கைப்பிடி நடுவில் நின்றால் அந்த வழியாகத் தண்ணீர் திரும்பி வரும். T வடிவ இணைப்பு ஒன்று போட்டு இரண்டு பைப்பையும் ஆங்கிள் காக்கில் (சிங்குக்குக் கீழே தண்ணீரைத் திறந்து மூடும் வால்வு) சேர்த்துவிடு.

இழுத்த தலையைத் திரும்ப மேலே ஏற்ற ஓஸில் மாட்டும் எடைக்கட்டியில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். தலையை முழுதாக இழுத்துப் பார், உள்ளே விட்டுப் பார், ஓஸ் தொங்கும் வளைவின் அடியில் கட்டியை மாட்டு. அது சிங்கின் கழிவுக் குழாயிலோ குப்பைக் கூடையிலோ தட்டினால் தலை மேலே ஏறாமல் பாதியில் தொங்கும். பிறகு ஸ்பிரே தலையைக் கழற்றி, ஓஸ் வாயை வாளிக்குள் பிடித்து ஒரு நிமிடம் தண்ணீர் விடு. பைப்பில் இருக்கும் மணலும் டேப் துணுக்கும் அதில் போய்விடும், இல்லையென்றால் நேராக ஸ்பிரே தலையின் சல்லடையில் போய் அடைக்கும். இதற்கும் ஒருவர் வாளியைப் பிடிக்க வேண்டும்.

கட்டியிலிருந்து சொட்டினால் கட்டியில் ஓட்டை இல்லை. தலைக்கும் ஓஸுக்கும் நடுவில் உள்ள வாஷரில் கசிந்து, ஓஸ் வழியே இறங்கி அங்கே சொட்டுகிறது. கவனிக்காமல் விட்டால் கீழே பிளைவுட் ஊதிவிடும். இரவு எல்லா இணைப்பையும் துடைத்து டிஷ்யூ பேப்பர் சுற்றி வை, காலையில் பார். போர் தண்ணீர் என்றால் ஸ்பிரே முனைகளில் உப்புப் படியும். மாதம் ஒருமுறை வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்து, கட்டை விரலால் தேய்.

மறுபடியும் சொல்கிறேன், தனியாக மாட்டாதே. மாப்பிள்ளைக்கு வேலை என்றால், ஊரில் இல்லை என்றால், எதுவானாலும் சரி, நான் வந்து பிடிக்கிறேன். சாயங்காலம் மதுரையில் ஏறினால் விடியும்போது பெங்களூரு. அம்மாவும் வருவாள், அவள் குழாய்க்காக வரவில்லை என்று உனக்கே தெரியும். தேதி மட்டும் சொல்.

அப்பா

பி.கு.: பழைய சுவர்க் குழாயைத் தூக்கிப் போடாதே. காலி செய்யும்போது ஓனர் கேட்பார்.