இந்த மாதம் இட்லிப் பொடி அனுப்பவில்லை

அன்புள்ள செல்விக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நலம். மூன்று ஞாயிறாக நீ வீடியோவில் வரவில்லை, வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் மட்டும் வருகிறது. வேலை இருக்கும், குறையாகச் சொல்லவில்லை. ஃபோனில் நான் ஆரம்பித்தால் "அப்புறம் கூப்பிடுறேம்மா" என்பாய், நானும் சொல்ல வந்ததை விழுங்கிவிடுவேன். அதனால் காகிதத்தில் எழுதி, மாடி வீட்டுப் பையனிடம் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவசரப்படாமல் படி.

அப்பாவுக்கு முட்டி வலி தேவலை. மற்ற சேதியெல்லாம் பிறகு.

வியாழக்கிழமை போட்ட பார்சலில் அப்பளம், சுண்டைக்காய் வத்தல், ரசப்பொடி இருக்கும். இட்லிப் பொடி இல்லை, முறுக்கு இல்லை, நல்லெண்ணெயும் இல்லை. ரசப்பொடியை இந்தத் தடவை மில்லுக்குக் கொண்டுபோகவில்லை. நமக்கு முன்னால் வந்தவர்கள் எதை அரைத்தார்களோ அதில் கொஞ்சம் மில்லுக்குள் தங்கித்தான் இருக்கும், அது நம் பொடியோடு வந்துவிடும். வீட்டிலேயே புது ஜாரில் அரைத்தேன். பழைய ஜாரையும் சோதித்துப் பார்த்தேன். மூன்று முறை சோப்பு போட்டுத் தேய்த்துவிட்டு, கத்தியைக் கழற்றி, அடியில் இருந்த ரப்பர் வாஷரை ஊசியால் நெம்பி எடுத்தேன். அதன் உள்விளிம்பில் பழுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு, அதில் நாலு எள்ளுமி ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியே ஜார் பளபளவென்று இருக்கிறது! உன் மிக்ஸியையும் அப்படிக் கழற்றிப் பார், வாஷரை மாற்று. மரக்கரண்டியையும் தோசைக்கல்லில் எண்ணெய் தேய்க்கும் துணியையும் தூக்கிப் போடு.

குட்டிப் பையனுக்கு ஸ்ட்ராபெரிதானே ஒத்துக்கொள்ளவில்லை, அம்மா ஏன் எள்ளைப் பிடித்துக்கொண்டு பேசுகிறாள் என்று நினைப்பாய். வருகிறேன்.

14ஆம் தேதி அலர்ஜி கிளினிக்குக்குப் போகிறீர்கள் என்று மாப்பிள்ளைதான் சொன்னார், நீ சொல்லவில்லை. போகுமுன் செய்ய வேண்டியதைக் கேள். செட்டிரிசின் மாதிரி அரிப்பு மருந்து எதையும் சோதனைக்கு ஐந்து நாள் முன்பே நிறுத்திவிடு. கிளினிக் கடிதத்தில் அதைவிட அதிக நாள் போட்டிருந்தால் அதன்படி செய். சில சளி, இருமல் சிரப்பிலும் அதே வகை மருந்து இருக்கும், பாட்டிலைத் திருப்பிப் படி. மருந்து உடம்பில் இருந்தால் தோல் தடிக்காது, ஒன்றுமில்லை என்று பொய்யாகக் காட்டிவிடும். முன்கையில் ஒவ்வொரு சொட்டாக வைத்து லேசாகக் குத்துவார்கள். கால் மணி நேரத்தில் தடிப்பை அளப்பார்கள், 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் பாசிட்டிவ். ஆனால் பாசிட்டிவ் என்றால் அந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று முடிவாகிவிடாது. உடம்பு அந்தப் புரதத்துக்கு எதிராக ஐஜிஇ என்கிற எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி வைத்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அதைத் தின்று வந்த பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் அது ஒவ்வாமை இல்லை. தடிப்பு பெரிதாக இருப்பதால் அடுத்த முறை ஆபத்து பெரிதாக இருக்கும் என்பதும் இல்லை. நீ அன்றைக்கு இணையத்தில் பார்த்தாயே, ஒரு துளி ரத்தத்தில் நூறு உணவைச் சோதிப்பதாக, அது ஐஜிஜி என்கிற வேறு எதிர்ப்புப் பொருளைப் பார்க்கிற சோதனை. சாப்பிட்டுப் பழகிய உணவுக்கெல்லாம் ஐஜிஜி இருக்கத்தான் செய்யும். காசும் போகும், பிள்ளையின் தட்டும் காலியாகும்.

வேர்க்கடலை, முட்டை, முந்திரி என்று அவன் இப்போது ஒழுங்காகத் தின்கிற எதையும் பயத்தில் நிறுத்திவிடாதே. விடாமல் தின்றால்தான் உடம்பு அதைத் தன்னுடையது என்று வைத்துக்கொள்ளும். லண்டனில் 640 குழந்தைகளை வைத்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்களே, கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த கைக்குழந்தைகளுக்கு நிலக்கடலையை முதல் வயதிலேயே கொடுத்து வந்ததில் ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை பெருமளவு குறைந்திருந்தது. வாய் வழியாகப் போனால் உடம்பு ஏற்கப் பழகுகிறது, வெடித்த தோல் வழியாகப் போனால் எதிர்க்கப் பழகுகிறது. அதனால் குட்டியின் முழங்கை மடிப்பில் கரப்பான் இருக்கிற வரைக்கும் நல்லெண்ணெய், கடலெண்ணெய், பாதாம் எண்ணெய் எதுவும் தடவாதே. டாக்டர் கொடுத்த களிம்பு மட்டும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் வேண்டுமென்று வற்புறுத்தினவள் நான்தான், நீ அன்றைக்கே முகம் சுளித்தாய். நீ சரி.

மாப்பிள்ளையிடம் ஒன்று பக்குவமாகச் சொல். பால் குடித்தால் அவருக்கு வயிறு பொருமுகிறது என்பது வேறு, இது வேறு. அவருக்குக் குடலில் பால் சர்க்கரையைச் செரிக்க வைக்கிற லாக்டேஸ் குறைவு, அந்தச் சர்க்கரை செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயு ஆகிறது. அங்கே அளவுதான் கணக்கு. சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தாங்கும், தயிரும் மோரும் தாங்கும், நெய்யில் பயமே இல்லை. ஒவ்வாமையில் அந்தக் கணக்கு செல்லாது. அங்கே எதிரி சர்க்கரை இல்லை, புரதம். நகக்கண்ணில் ஒட்டியது போதும். "எனக்கும் சின்ன வயதில் ஒத்துக்காது, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்ப்பது ஆஸ்பத்திரியில் ஊசியும் ஆளும் பக்கத்தில் இருக்கும்போது, கால் மணி, அரை மணி இடைவெளி விட்டுச் செய்கிற வேலை. வீட்டில் ஒருக்காலும் வேண்டாம்.

அட்ரினலின் பேனா, அதாவது மருந்து நிரப்பிய ஊசிப் பேனா, கொடுத்தால் இரண்டு வாங்கு. ஒன்று போதாது. 17 கிலோ பிள்ளைக்கு 0.15 மில்லிகிராம். தொடையின் வெளிப்பக்கம், நடுவில், உடுப்புக்கு மேலேயே போடலாம். பேனாவுக்குப் பேனா பிடித்திருக்கிற நேரம் மாறும், பயிற்சிப் பேனா கேட்டு வாங்கி நீயும் மாப்பிள்ளையும் பத்துத் தடவை பழகுங்கள். போட்டவுடன் ஆம்புலன்ஸுக்கு 999ஐக் கூப்பிட்டு "அனாஃபிலாக்சிஸ்" என்ற சொல்லைச் சொல், உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை என்று உடனே புரிந்துகொள்வார்கள். பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்து. மூச்சுத் திணறினால் காலை நீட்டி உட்காரலாம். நிற்கவோ நடக்கவோ விடாதே, எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரிந்து போய்விடுகிற பிள்ளைகள் உண்டு. ஐந்து நிமிடத்தில் தெளியவில்லை என்றால் இரண்டாவது பேனா. இதற்குத்தான் இரண்டு. தெளிந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம். ஃபிரிட்ஜில் வைக்காதே, காரிலும் விடாதே. இங்கே வரும்போது விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும், சித்திரை வெயிலுக்குக் காப்புப் பை வேண்டும். நம் ஊர் மருந்துக்கடையில் பேனா கேட்டால் எளிதில் கிடைக்காது.

காணாக்கடிக்கு அரிப்பு மருந்து போதும். குரல் கம்மினால், இருமினால், இரைத்தால், நாக்கு வீங்கினால், பிள்ளை வெளுத்துத் துவண்டால் சிரப்பைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. சிரப் தோலை அடக்கும், மூச்சுக்குழலைத் திறக்காது. பேனாதான். இரண்டையும் ஒரே பையில் வை, அவன் போகிற இடமெல்லாம் பை போக வேண்டும்.

முப்பத்தோரு வருடம் வார்டில் நின்றவள், இதெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் வரும். நீ லேபிள் படிக்கிற அழகைப் பார்த்து எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! பள்ளிக்கூடத்தில் ஸ்ட்ராபெரி கொடுக்க வேண்டாம் என்று மூன்று பேரிடம் எழுதிக் கொடுத்தாயாமே. ஆனால் மே மாதம் அவன் பிறந்தநாளுக்குப் படம் அனுப்பினாயே, தட்டில் ஹம்மஸ் இருந்தது, கொண்டைக்கடலையோடு எள்ளை அரைத்துச் சேர்க்கிற விழுது. அந்தப் படத்தைப் பார்த்த ராத்திரி நான் தூங்கவில்லை. அன்று அவன் அதைத் தொட்டானா என்றுகூட உன்னிடம் கேட்க வாய் வரவில்லை.

செல்வி, அது ஸ்ட்ராபெரி இல்லை.

போன வருடம் நான் அங்கே இருந்தபோது, நீ வேலைக்குப் போன அன்று காலை 8.10க்கு அவனுக்கு இரண்டு இட்லி கொடுத்தேன். பொடியை நல்லெண்ணெயில் குழைத்து ஒரு தேக்கரண்டி. "நாக்கு கடிக்குது ஆச்சி" என்றான். காரம் என்று நினைத்துக்கொண்டு வாயைக் கழுவ நாலு ஸ்ட்ராபெரி கொடுத்தேன். 8.25க்கு மேலுதடு வீங்கியது, கழுத்திலும் வயிற்றிலும் காணாக்கடி. ஒரு முறை வாந்தி எடுத்தான். இரண்டரை மில்லி செட்டிரிசின் கொடுத்தேன். அதுவரை உனக்குத் தெரியும். அவன் இருமினதை நான் உன்னிடம் சொல்லவில்லை. விட்டு விட்டுக் கால் மணி நேரம் இருமினான், குரல் மாறியிருந்தது. நான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேனே தவிர 999 கூப்பிடவில்லை. அடங்கிவிட்டது. சாயங்காலம் நீ வந்து "என்னம்மா சாப்பிட்டான்?" என்று கேட்டபோது ஸ்ட்ராபெரி என்று சொல்லிவிட்டேன். என் கையால் அரைத்த பொடி என்று சொல்ல நாக்கு எழவில்லை. அடுத்தவர் பிள்ளை என்றால் நானே அந்த அம்மாவைத் திட்டியிருப்பேன். நீ இப்போது பேசாமல் இருப்பது அதை எப்படியோ தெரிந்துகொண்டதாலா என்று மூன்று வாரமாக நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். கோபப்படு. ஆனால் 14ஆம் தேதிக்கு முன்னால் இது உன்னிடம் வந்து சேர வேண்டும்.

ஏனென்றால் இந்த நோயில் சோதனையைவிட, என்ன தின்றான், எத்தனை நிமிடத்தில் என்ன ஆனது என்பதுதான் பெரிய சாட்சி. டாக்டருக்கு ஸ்ட்ராபெரி என்று சொன்னால் எள்ளைக் குத்திப் பார்க்காமலே போகலாம். குத்தினாலும் எள்ளில் தனித் தொல்லை இருக்கிறது. எள்ளின் எண்ணெயோடு ஒட்டியிருக்கிற சில புரதங்கள் சோதனைக் கரைசலில் இறங்குவதில்லை, அதனால் இல்லை என்று காட்டிவிடும். அப்படி வந்தால், அரைத்த எள்ளையோ எள் விழுதான தஹினியையோ வைத்து நேராகக் குத்திப் பார்ப்பீர்களா என்று கேள். "முன்பு எள்ளு முறுக்கு தின்றானே, ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள். முழு எள் மெல்லப்படாமல் உமியோடு அப்படியே வெளியே போய்விடலாம். அரைத்ததுதான் அதிகம் கடிக்கும். பொடியும் அரைத்தது, ஹம்மஸும் அரைத்தது.

இருமல், குரல் கம்மல், வாந்தி மூன்றையும் சொல். பேனா கொடுப்பதா வேண்டாமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். இரண்டு பேனா.

டாக்டர் சொல்கிற வரைக்கும் எள் எதிலும் வேண்டாம். நல்லெண்ணெய் செக்கில் ஆட்டியது, புரதம் அதிலேயே இருக்கிறது. நல்லெண்ணெயில் போட்ட ஊறுகாய், புளியோதரை, பர்கர் பன், பேகல் ரொட்டி, எள் ஹல்வா எல்லாம் கணக்கில் வரும். அங்கே இங்கிலாந்தில் லேபிளில் ஒவ்வாமை தரும் 14 பொருளைத் தடித்த எழுத்து மாதிரி தனித்துத் தெரியும்படி போட வேண்டும், எள் அதில் உண்டு. கடையிலேயே செய்து பொட்டலம் போடுகிற சாண்ட்விச்சுக்கும் 2021 அக்டோபரிலிருந்து முழுப் பட்டியல் கட்டாயம். ரொட்டி மாவில் கலந்த எள் லேபிளில் இல்லாமல் போய் 2016இல் நடாஷா என்ற பெண் இறந்தாளே, அதற்குப் பிறகு வந்த சட்டம். நம் ஊர்ப் பாக்கெட்டில் அப்படி எதிர்பார்க்காதே, இங்கே ஒவ்வாமைப் பட்டியலில் எள்ளும் இல்லை, கடுகும் இல்லை. ஜிஞ்சிலி, தில், சீசமி, தஹினி என்று எந்தப் பெயரிலும் இருக்கும். "இருக்கலாம்" என்று போடாததால் இல்லை என்று ஆகிவிடாது, அதைப் போடுவது அவர்கள் விருப்பம். விருந்தாளிகள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல், சானிடைசர் புரதத்தை எடுக்காது.

டாக்டரிடம் காட்ட அந்தப் பொடியின் கணக்கை எழுதுகிறேன். உளுந்து 200 கிராம், கடலைப்பருப்பு 100, வெள்ளை எள் 50, வற்றல் மிளகாய் 20, கட்டிப் பெருங்காயம் நெல்லிக்காய் அளவு, உப்பு, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி. பொடியில் வேர்க்கடலை இல்லை, முந்திரி இல்லை. முந்தின நாள் ராத்திரி வேர்க்கடலைச் சட்னி தின்றான், ஒன்றும் ஆகவில்லை, அதையும் சொல். எள்ளையும் நல்லெண்ணெயையும் தவிர அந்தத் தட்டில் இருந்த எல்லாவற்றையும் அவன் அதற்கு முன்னாலும் பின்னாலும் தின்றிருக்கிறான், ஸ்ட்ராபெரியை மட்டும் பின்னால் நீ நிறுத்திவிட்டாய். அந்தப் பொடி பாட்டில் அடுப்புக்கு மேல் அலமாரியில், இடது பக்கம், மஞ்சள் மூடி. மிச்சம் இருந்தால் மூடியைத் திறக்காமல் பையில் கட்டி வை, கிளினிக்கில் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் பிறகு எறி.

அம்மா