மறுப்புச் செய்தியும் தமிழில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டல் இந்தியாவில் 19 வருடங்களாகப் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் அடையாள அட்டை நகல், பிறப்புப் பத்திரம், கோயில் நோட்டீஸ் என்று வேலை இருக்கும். இப்போது வருகிறவர்களில் பலர் கைப்பேசியை நீட்டி, "இதில் வந்திருப்பதை அடித்துக் கொடுங்கள்" என்கிறார்கள். ஊரில் சுற்றும் பொய்யும் மெய்யும் தினமும் என் மேசைக்கு வந்துவிடுகின்றன. அதனால்தான் இந்தக் கடிதம்.

2025 ஆகஸ்டில் நடந்தது இது. 18 வயது நிரம்பிய மலேசியக் குடிமக்கள் எல்லாருக்கும், அத்தியாவசியப் பொருள் வாங்குவதற்கான 'சாரா' அரசாங்க உதவியாக 100 வெள்ளி (ரிங்கிட்) கிடைக்கும் என்று பிரதமர் ஜூலையில் அறிவித்திருந்தார். ஆகஸ்ட் 31 முதல் மைகாட் அடையாள அட்டையைக் கொண்டுபோய், திட்டத்தில் சேர்ந்த கடையில் சாமான் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. விண்ணப்பமே தேவைப்படவில்லை. அந்தச் சமயத்தில் எங்கள் தெருவில் பூ கட்டி விற்கும் அம்மா ஒருவர் வந்தார்.

"ஐயா, நூறு வெள்ளிக்குப் பதியணுமாம். நாளைக்குள்ள பதியலேன்னா போயிடுமாம். கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தேன். கைப்பேசியில் ஒரு படிவம். மேலே அரசாங்கச் சின்னம், பக்கத்தில் பிரதமரின் சிரித்த முகம். பெயர், அடையாள அட்டை எண், கைப்பேசி எண் மூன்றையும் அந்த அம்மா ஏற்கெனவே நிரப்பிவிட்டார். அடுத்த கட்டத்தில் இணைய வங்கியின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டிருந்தது. அது என்னவென்று புரியாமல்தான் கடைக்கு வந்திருக்கிறார். புரிந்திருந்தால் அதையும் கொடுத்திருப்பார்.

அந்தப் பக்கத்தின் இணைய முகவரியைக் காட்டி விளக்கினேன். கடிதத்தில் நம் வீட்டுக்கு 'பிரதமர் இல்லம்' என்றுகூடப் பெயர் எழுதலாம். தபால்காரர் பார்ப்பது கடைசியில் இருக்கும் ஊரைத்தான். இணைய முகவரியும் அப்படியே. முதல் ஒற்றைச் சாய்கோடு (/) வரும் இடத்துக்குச் சற்று முன்னால் எப்படி முடிகிறது என்று பார்க்க வேண்டும். நம் அரசாங்க முகவரி அந்த இடத்தில் 'கவ் டாட் எம்ஒய்' (.gov.my) என்று முடியும். அந்த அம்மாவுக்கு வந்ததிலும் 'கவ்' இருந்தது, 'எம்ஒய்' இருந்தது. ஆனால் இரண்டும் நடுவில், சிறு கோடு போட்டு ஒட்டவைக்கப்பட்டிருந்தன. முடிந்த இடம் 'டாட் டாப்' (.top).

"பேரன் அனுப்பினானே ஐயா, அவன் பொய் சொல்லுவானா?" என்று கேட்டார்.

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. பேரன் பொய் சொல்லவில்லை. யாரோ அனுப்பியதைப் பாட்டிக்கு நூறு வெள்ளி கிடைக்கட்டும் என்று தள்ளிவிட்டிருக்கிறான், அவ்வளவுதான். செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தது. குறைந்தது ஐந்து கை மாறி வந்த செய்திக்குத்தான் வாட்ஸ்அப் அந்தக் குறியைப் போடும். முதலில் எழுதியவன் யார் என்று பேரனுக்கும் தெரியாது. ஆனால் பாட்டியின் கண்ணில் பட்டது பேரனின் பெயரும் படமும்தான். அவர் நம்பியது பேரனை.

இதைச் சொல்லும் நானும் ஒருமுறை தவறியிருக்கிறேன். 2024 ஜனவரியில், 10ஆம் தேதி முதல் 14 வரை தண்ணீர் தடைபடும், சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் பெரிய வால்வுகளை மாற்றப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. நான்கு நாளாவது, தண்ணீர் இல்லாமல் போவதாவது, வழக்கமான வாட்ஸ்அப் வதந்தி என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். செய்தி உண்மை. முன்கூட்டியே முறையாக அறிவித்திருந்தார்கள். தேதி, இடம், காரணம் எல்லாம் அதிலேயே இருந்தன. தண்ணீர் நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் திறக்கவில்லை. என் பேச்சைக் கேட்டு வாளிகூட நிரப்பாமல் இருந்த பக்கத்துக் கட்டடத்துப் பெரியவர், தண்ணீர் திரும்பும்வரை மூன்றாம் மாடிக்குப் போத்தல் போத்தலாகத் தூக்கிக்கொண்டு ஏறினார். அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகு, பார்க்காமல் 'பொய்' என்றும் சொல்வதில்லை.

படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பினாங்கில் பலத்த மழை பெய்தால் போதும், 2017 நவம்பர் 4, 5 வெள்ளத்தின் படங்கள் 'இப்போது' என்று கிளம்பிவிடும். போன தடவை வந்த படத்தில் ஒரு துணிக்கடையின் பெயர்ப்பலகை தெரிந்தது. அந்தக் கடை கோவிட் காலத்திலேயே மூடிவிட்டது. உள்ளூர்க்காரர் ஒரு நொடி உற்றுப் பார்த்தாலே கண்டுபிடிக்கலாம்.

சரி பார்க்க இடம் இல்லாமல் இல்லை. மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் 'செபெனார்ஞா' (sebenarnya.my) என்ற செய்தி சரிபார்ப்புத் தளம் 2017 முதல் இருக்கிறது. பணம் கட்டச் சொல்லி வரும் வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் 'செமாக் மியூல்' (Semak Mule) இணையப் பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம். விவரங்களைக் கொடுத்து ஏமாந்துவிட்டால் உடனே வங்கிக்கோ, மோசடிப் புகார்களுக்கான 997 எண்ணுக்கோ அழைக்க வேண்டும். 2025 ஜனவரியில் ஆணையம் தொடங்கிய 'ஐஃபா' என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் தமிழிலேயே கேட்கலாம். என் கடைக்கு வருகிறவர்களில் இது தெரிந்த ஒருவரையும் இதுவரை நான் பார்க்கவில்லை.

என் குறை இதுதான். பொய் நம் வாட்ஸ்அப் குழுக்களுக்குத் தமிழில், குரல் பதிவோடு, 'எல்லாருக்கும் அனுப்புங்கள்' என்று வருகிறது. மறுப்பு வரும்போது மலாயில், அறிக்கை மொழியில், இரண்டு நாள் கழித்து வருகிறது. பூக்கார அம்மாவின் குழுவுக்கு அது வந்து சேர்வதே இல்லை. பொய்யை அனுப்பியவர்களும் "அது தவறாம், மன்னிக்கவும்" என்று அதே குழுவில் எழுதுவதில்லை. வெட்கமாக இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனாலும் தண்ணீர் விஷயத்தில் எங்கள் தெருக் குழுவில் எழுதினேன்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். தினமும் முதல் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் ஒதுக்குங்கள். அன்று சுற்றும் செய்தி எது, அது உண்மையா பொய்யா, அதை யார் உறுதி செய்தார்கள், மூன்றே வரி. பெரிய எழுத்தில், வயதானவர்களுக்கும் புரியும் தமிழில். தேதியையும் போடுங்கள்.

நீங்கள் போட்டால் நான் தினமும் அதை ஏ3 தாளில் பெரிதாக்கிக் கடைக் கண்ணாடியில் ஒட்டுகிறேன். நகல் கேட்டு வருகிறவர்களுக்குக் காசு வாங்காமல் கொடுக்கிறேன். முதல் நகல் அந்த அம்மாவின் பூக்கூடைக்குப் பக்கத்தில் இருக்கும்.

அன்புடன்,
போட்டோஸ்டாட் கடைக்காரர்,
லிட்டல் இந்தியா, ஜார்ஜ்டவுன், பினாங்கு