தொட்டித் தண்ணீரை முழுசாக மாற்றாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொளத்தூரில் கப்பி மீன் வாங்கி வந்து, அது குட்டி போட்டதும் வீடே கொண்டாடியது, ஆனால் இரண்டு வாரத்துக்குள் குட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. தப்பு என்னுடையதுதான். சுத்தமாக இருக்கட்டும் என்று ஞாயிறுதோறும் தொட்டியை முழுக்கக் காலி செய்து, ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாய்த் தண்ணீரில் பிழிந்து கழுவினேன். அந்த ஸ்பாஞ்சில்தான் மீன் கழிவின் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா குடியிருக்கிறது. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் பட்டால் அது செத்துவிடும், அப்புறம் அம்மோனியா அப்படியே தங்கி, பார்க்கத் தெளிவாக இருக்கும் தண்ணீரே குட்டிகளுக்கு விஷம்.

வாரத்துக்குக் கால் பங்கு தண்ணீர் மாற்றினால் போதும். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்திருந்தால் போகாது, அதற்கென்று சொட்டு மருந்து ஊற்ற வேண்டும்). ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். குட்டிகளுக்கு ஒரு நாளைக்கு நாலு வேளை தீனி வேண்டும்தான், ஆனால் சிட்டிகையிலும் குறைவாக. தின்னாமல் அடியில் கிடப்பதை ஏர் பம்பின் மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுங்கள், பெரிய குழாய் குட்டிகளையும் சேர்த்து இழுத்துவிடும்.

நான் வாங்கிய கடையில் இதை யாரும் சொல்லவில்லை. தொட்டி விற்கும்போதே ஒரு துண்டுச் சீட்டில் இதை அச்சடித்துக் கொடுக்கும்படி மீன் வியாபாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, வில்லிவாக்கம், சென்னை