திருவாடானைப் பக்கத்துத் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

பாம்பனிலிருந்து உபதேசியார் அண்ணன், மாதா கோவிலில் வேதம் சொல்லிக்கொடுக்கிறவன், எழுதுகிறேன். போன வியாழக்கிழமை ராத்திரி நீ போனில் கேட்ட கேள்விக்கு, ஐஸ் கம்பெனி மிஷின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பொய். எல்லாம் கேட்டது. பதில் சொல்லத்தான் தெரியவில்லை.

எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதட்டுமா என்று மறுநாள் கேட்டபோது, "என் பேரையும் அம்மா பேரையும் மட்டும் போடாதீங்கண்ணே" என்றாய். போடவில்லை. ஆனால் உன் கேள்வியோடு இந்த மாவட்டத்தில் இன்னும் நாலைந்து பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

நீ கேட்டது இதுதான். "உள்ளுக்குள்ள விசுவாசியா இருந்துக்கிறேன். வெளியே காட்டிக்காம இருந்தா பாவமாண்ணே?"

ஞானஸ்நானம் வாங்கி இரண்டு வருடமாகிறது. அப்பா அன்றிலிருந்து உன்னோடு பேசுவதில்லை. நீ பிடித்த வாடகை அறையில் மூன்று பேர் சேர்ந்து ஜெபமாலை சொன்னதற்காக, மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். டீக்கடையில் உன்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. ஒருநாள் ராத்திரி வண்டியை வழிமறித்து, சிலுவைக் கயிற்றை அறுத்து எறிந்திருக்கிறார்கள். இதையெல்லாம் நீ சொல்லும்போது உன் குரல் அசையவே இல்லை. குரூப் 4 அரசு வேலைப் பரீட்சை பற்றிப் பேச ஆரம்பித்தபோதுதான் உடைந்தது.

அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் உன் ஊர்க் கதையையே உனக்குச் சொல்ல வேண்டும்.

உன் வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்தால் ஓரியூர் வந்துவிடும். அருளானந்தர் சாமியார் சிந்திய ரத்தத்தால் சிவந்தது என்று மக்கள் நம்பும் மணலை நீயும் பொட்டலம் கட்டி வந்திருக்கிறாய். 1693 பிப்ரவரி 4-ந் தேதி பாம்பாற்றங்கரையில் அவர் தலையை வெட்டினார்கள், அது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தைய வருடங்களைத்தான் நாம் பிரசங்கத்தில் அதிகம் பேசுவதில்லை. லிஸ்பனில் பெரிய வீட்டுப் பிள்ளையாகப் பிறந்த ஜான் டி பிரிட்டோதான் இங்கே வந்து அருளானந்தர் ஆனார்; காவி உடுத்தி, கறி மீன் விட்டு, பண்டாரசாமியாக அலைந்தார். பண்டாரசாமி என்றால்தான் தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள் வாசல் வரைக்கும் போக முடியும் என்பதற்காக அந்தக் கோலம். 1686-ல் அவரையும் அவரோடு இருந்த உபதேசியார்களையும் பிடித்து அடித்து வதைத்தார்கள். கடைசியில் மறவர் நாட்டு ராஜா கிழவன் சேதுபதியே கூப்பிட்டு விசாரித்து, இனி மறவர் நாட்டில் போதிக்கக் கூடாது என்று சொல்லி விட்டுவிட்டார். அப்புறம் அருளானந்தர் ஐரோப்பாவுக்குப் போனார். சின்ன வயதில் அவரோடு வளர்ந்த போர்ச்சுகல் ராஜா அங்கேயே தங்கச் சொன்னார். தங்கியிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் 1690-ல் திரும்பி வந்தார்.

இங்கே ஒன்றைக் கவனி. திரும்பி வந்தவர் அரண்மனை வாசலில் போய் நின்று சவால் விடவில்லை. காட்டுக்குள் குடிசை போட்டுத் தங்கினார். இரவில் நடந்தார். தேடி வந்தபோது இடம் மாறினார். ஒரு ஊரில் துன்புறுத்தினால் அடுத்த ஊருக்கு ஓடுங்கள் என்று ஆண்டவரே மத்தேயு பத்தாம் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார். அதனால் உன் கேள்வியில் பாதிக்கு என் பதில் இது: அறையைக் காலி பண்ணு. வேறு இடம் பார். கழுத்தில் சிலுவை போட்டால்தான் கிறிஸ்தவன் என்று இல்லை, கொஞ்ச நாள் சட்டைப் பையில் வைத்துக்கொள். வம்புக்கு நிற்கிற இடத்தில் வாக்குவாதம் வேண்டாம். இதெல்லாம் மறுதலிப்பு ஆகாது. மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு உனக்கு உரிமை தந்திருக்கிறது. அடித்தால் போலீஸில் புகார் கொடு, நானும் கூட வருகிறேன். அடி வாங்குவது புண்ணியம் என்று தேடிப் போகாதே.

மறு பாதி கஷ்டமானது.

உன் சிநேகிதன் சொல்லியிருக்கிறான்: "சர்டிபிகேட்ல இந்துன்னே இருக்கட்டும். நீ மாதா கோவிலுக்குப் போறது யாருக்குத் தெரியப்போகுது?" 1950-ல் போட்ட குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை கிறிஸ்தவனுக்குக் கிடையாது. முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்று இருந்தது, 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். நம்மைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் உன்னைப் போன்றவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் போட்டி வேறு, கட்ஆஃப் வேறு. ஞானஸ்நானம் வாங்கிய மறுநாள் உன் தெரு மாறிவிட்டதா? டீக்கடையில் உன்னை வேறு மாதிரி பார்த்தார்களா? ஒன்றும் மாறவில்லை. சாதி மட்டும் உன்னோடு வந்துவிட்டது, சலுகை பின்னால் நின்றுவிட்டது. இது அநியாயம். இதை மாற்றச் சொல்லி வழக்கும் போராட்டமும் எவ்வளவோ வருடமாக நடக்கிறது, நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனாலும் தம்பி, அந்தப் படிவத்தில் பொய் எழுதாதே என்றுதான் சொல்வேன். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்கலாம். நான் இழப்பது ஒன்றுமில்லை. நீ இழப்பது ஒரு வேலை, அம்மாவின் மருந்துச் செலவு, தங்கையின் கல்யாணம். தெரிந்துதான் சொல்கிறேன். அப்படி எழுதினால், வருகிற முப்பது வருடமும் கோவிலுக்குப் போகும்போதெல்லாம் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நடப்பாய். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் பயப்படுவாய். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கில்தான், புதுச்சேரியைச் சேர்ந்த பெண் ஒருவருக்கு எஸ்சி சான்றிதழ் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் மாட்டிக்கொள்வாய் என்பதற்காக நான் சொல்லவில்லை. அருளானந்தர் சாகிறதற்கு முன்னால் சிறையில் கரியைக் கரைத்து எழுதிய கடிதத்தில், நன்மையே தன் மேல் சுமத்தப்பட்ட குற்றம் என்றால் அதற்காகப் பாடுபடுவது மகிமை என்ற பொருளில் எழுதியிருக்கிறார். உன்னை வெட்ட யாரும் அரிவாளோடு வரப்போவதில்லை. உன் காலத்தில் அது ஒரு படிவமாக வந்திருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர் வரிசையிலேயே எழுது. புத்தகம், கோச்சிங் செலவு என் பொறுப்பு. நம் பங்கில் இரண்டு பேர் சேர்ந்து தருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

இனி எழுதப்போவது எனக்குக் கூச்சமானது.

போன வருடத் திருவிழாவுக்கு உன்னை ஒரு கோவிலுக்குக் கூட்டிப்போனேன். பூசை முடிந்து கஞ்சி ஊற்றுகிற இடத்தில் ஒருவர் உன்னிடம் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னாய். "ஊர் சரி, எந்தத் தெரு?" என்றார். நீ தட்டோடு நின்றாய். கஞ்சி ஆவி உன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் ஊறுகாய் வாளியைத் தேடுகிறவன் மாதிரிக் குனிந்துகொண்டேன். நீ தெருவைச் சொன்னாய். அவர் ஒரு அடி நகர்ந்து நின்றார், அவ்வளவுதான்.

பஸ்ஸில் வரும்போது நீ அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. இயேசுவின் சீடர் ராயப்பர் (பேதுரு) நெருப்புப் பக்கத்தில் குளிர் காய்ந்துகொண்டே, தான் அவருடைய சீடனே இல்லை என்று மறுதலித்ததை ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும் நான்தான் வாசிக்கிறேன். அன்றைக்கு அந்த ராயப்பர் நான். வெளியே இருக்கிறவன் அறுத்த சிலுவைக் கயிற்றைவிட, உள்ளே இருக்கிற நான் குனிந்ததுதான் உன்னை அதிகம் வதைத்திருக்கும். என்னை மன்னித்துவிடு. அந்த ஆளிடம் போய்ப் பேசிவிட்டேன், பங்குச் சாமியாரிடமும் சொல்லிவிட்டேன். அடுத்த திருவிழாவுக்கு என்னோடு வருவாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வந்தால் எனக்கு முன்னால் நீ தட்டு பிடிப்பாய்.

நீ ராமநாதபுரத்திலிருந்து என்னைப் பார்க்க வரும்போது, மண்டபத்துக்கு முன்னால் பஸ் வேதாளையைத் தாண்டும். 1549-ல் அந்தக் கடற்கரையில்தான் அந்தோனியோ கிரிமினாலி என்ற சாமியார் செத்தார். இயேசு சபையின் முதல் வேதசாட்சி, விசுவாசத்துக்காக உயிர்விட்டவர், அவர்தான். வயது முப்பதுகூட இருக்காது. படைவீரர்கள் வந்தபோது படகில் ஏறித் தப்பியிருக்கலாம். பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிவிடக் கரையிலேயே நின்றார், ஈட்டியால் குத்திவிட்டார்கள். அந்தப் படை ஏன் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ராமேஸ்வரத்துக்குப் போகிற யாத்திரைக்காரர்களிடம் போர்த்துக்கீசியர்கள் வழிமறித்து வரி வாங்கினார்கள். அந்தக் கோபம்தான் வந்தது. வரி வாங்கியவர் வேறு, செத்தவர் வேறு. டீக்கடையில் உன்னை முறைக்கிறவனுக்கும் ஏதோ ஒரு பழைய கோபமோ யாரோ ஊதிவிட்ட பயமோ இருக்கும். அவன் உன்னை வெறுக்கட்டும், நீ அவனை வெறுத்துவிடாதே. ஓரியூருக்கு வந்து மணல் எடுக்கிறவர்களில் எத்தனை பேர் இந்துக்கள் என்று நீயே பார்த்திருக்கிறாய்.

இன்னொன்று. என் கூடப்பிறந்த தம்பி அக்கரையில், இலங்கைச் சிறையில், இரண்டு மாதம் கிடந்தான். உள்ளே போகும்போது ஜெபமாலையை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அவன் பனியன் ஓரத்து நூலை உருவி முறுக்கி, பத்து முடிச்சுப் போட்டுக்கொண்டான். வலை பின்னுகிற கைதானே. அவன் முடிச்சு உருட்டுகிற நேரத்தில் கூட இருந்த முஸ்லிம் பையன் தொழுவான், இன்னொருவர் முருகனைக் கும்பிடுவார். யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. அழுக்கேறிக் கறுத்த அந்த நூலை வீட்டில் மாதா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறேன். அடுத்த தடவை வரும்போது உனக்குத் தருகிறேன். அறுத்தாலும் திரும்ப முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம்.

அம்மா விளக்கேற்றும்போது, "உன் சாமிகிட்டயும் அப்பாவுக்கு சுகர் குறையணும்னு சொல்லு" என்றார்களே, அதை நான் தினமும் பூசையில் நினைக்கிறேன். அப்பா கால் புண்ணுக்குக் கட்டு மாற்றுவது யார்? நீ மாற்று. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் திருப்பிக்கொள்ளட்டும். புண் கறுத்திருந்தாலோ வாடை வந்தாலோ ஒருநாளும் தள்ளிப்போடாதே, ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. கிளம்புகிறதற்கு முன்னால் எனக்கு ஒரு போன் போடு. பாம்பனிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன்.

அன்புடன்,
பாம்பன் உபதேசியார்