கழுகு நெபுலாவின் நிறங்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. இரவெல்லாம் மொட்டை மாடியிலேயே கழிந்ததால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. 1995-ல் ஹபிள் தொலைநோக்கி எடுத்த 'படைப்பின் தூண்கள்' படத்தை நாம் இருவரும் செய்தித்தாளில் பார்த்து வியந்தோம் அல்லவா? அந்தத் தூண்கள் நிற்கும் கழுகு நெபுலா என்ற விண்வெளி வாயு முகிலை இந்த மே மாதம் நானே படமெடுத்துவிட்டேன்.

அந்த வாயு முகிலில் பிறந்த இளம் விண்மீன்களின் புறஊதாக் கதிர்கள் ஹைட்ரஜன் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. அவை மீண்டும் வந்து சேரும்போது 656.3 நானோமீட்டர் அலைநீளத்தில் செவ்வொளி எழுகிறது. அதைச் சுற்றி ஏழு நானோமீட்டர் அகலத்தை மட்டும் அனுமதிக்கும் வடிகட்டியைக் கேமராவின் முன் பொருத்தினால், தெருவிளக்கு வெளிச்சத்தின் பெரும்பகுதி வெளியே நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடம் ஒளியைச் சேர்த்த முதல் படம் மடிக்கணினியில் விரிந்தபோது, கறுப்பு வெள்ளையில், நகக்கண் அளவில் மூன்று தூண்களும் தெரிந்தன. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து, ஆக்சிஜனின் ஒளியைப் படமெடுப்பதுதான் என்னைச் சோதித்தது. அதன் 500.7 நானோமீட்டர் ஒளி நீலப்பச்சை. நிலவொளி வானில் சிதறி அந்த நிறத்தையே அதிகம் மூழ்கடிக்கும் என்று தெரிந்திருந்தும், அவசரப்பட்டுப் பௌர்ணமியை ஒட்டி எடுத்து ஓர் இரவை வீணாக்கினேன். அமாவாசை வரை காத்திருந்த பிறகே அது பிடிபட்டது. 1864-ல் வில்லியம் ஹக்கின்ஸ் வேறொரு நெபுலாவில் கண்ட இந்தப் பச்சைக் கோடு, அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால், 'நெபுலியம்' என்ற புதுத் தனிமத்துடையது என்று எண்ணப்பட்டது. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனே அது என்று 1927-ல் ஐரா போவன் விளக்கினார். அணுக்கள் அடிக்கடி மோதிக்கொள்ளும் ஆய்வகக் காற்றில் அந்த ஒளி எழ வழியில்லை. விண்வெளியின் மிக மெல்லிய வாயுவில்தான் அதற்கு அவகாசம் கிடைக்கிறது.

ஒவ்வொரு வாயுவின் கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் நாமே ஒரு நிறம் கொடுத்துச் சேர்ப்பதால், இந்த நிறங்கள் பொய்தானே என்று கேட்டிருந்தாய். நெபுலாவில் ஒளிரும் இன்னொரு தனிமமான கந்தகத்தின் ஒளியும் 672 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பே. அதையும் ஹைட்ரஜனையும் நம் கண்ணால் பிரித்தறிய இயலாது. ஹபிள் படத்தில் செய்ததுபோல் கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று கொடுத்தால், எந்த வாயு எங்கே ஒளிர்கிறது என்பது தனித்தனியே விளங்குகிறது. இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். கந்தகப் படங்கள் இன்னும் போதவில்லை. மழை மேகம் கூடுவதற்குள் இரண்டு தெளிந்த இரவுகள் வாய்த்தால், அவற்றையும் சேர்த்து மீண்டும் அனுப்புகிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்