மருந்தால் பாதிப்பா? பில்லும் பேட்ச் எண்ணும் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

இருமல் மருந்து குடித்துக் குழந்தைகள் இறந்த செய்தி வரும்போதெல்லாம் கைது, உரிம ரத்து, அமைச்சர் அறிக்கை என்று பக்கம் நிறைகிறது. பாதிக்கப்பட்ட குடும்பம் யாரிடம், எதைக் காட்டி இழப்பீடு கேட்பது என்பது மட்டும் அச்சேறுவதில்லை. 1986-ல் இதே மும்பையில், ஜே.ஜே. மருத்துவமனையில், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு ரசாயனம் கலந்த கிளிசரின் 14 நோயாளிகளைப் பலிகொண்டது. 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகளைப் பறித்த, காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் சிரப்பிலும் அதே ரசாயனம்தான். 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாதது 48.6 சதவீதம் இருந்தது.

சட்டம் இன்று அவ்வளவு பலவீனமாக இல்லை. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-ம் பிரிவுப்படி, தயாரிப்பில் குறை இருந்தாலும், போதிய எச்சரிக்கை அச்சிடாமல் விற்றாலும் உற்பத்தியாளர் பொறுப்பு. மருந்தில் குறை இருந்தது, அதனால்தான் பாதிப்பு வந்தது என்ற இரண்டையும் நிறுவ வேண்டும். வழக்குகள் சரிவது இங்கேதான்.

நம் பகுதிக் கடைகளில் நடப்பதைப் பாருங்கள். நான்கு மாத்திரை கேட்டால் பட்டையை வெட்டித் தருகிறார்கள். பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரம் கடையிலேயே நின்றுவிடுகிறது. "பத்து சதவீதம் தள்ளுபடி, பில் வேண்டாமே" என்பார்கள். அந்தத் தள்ளுபடி கடைக்காரர் தனக்கே எடுத்துக்கொள்ளும் மலிவான காப்பீடு. உற்பத்தியாளர் யாரென்று தெரியாவிட்டால் 86-ம் பிரிவின் கீழ் விற்றவரே பொறுப்பு. ஆனால் அவர்தான் விற்றார் என்பதற்கும் பில் வேண்டும். யுபிஐ ரசீதில் கடைப் பெயரும் தொகையும் இருக்கும், மருந்தின் பெயர் இருக்காது.

ஒவ்வாமையோ, சிறுநீர் நின்றுபோவதோ தெரிந்தால் மீதி மருந்தைக் கொட்டிவிடக் கூடாது. மூடியை இறுக்கி, அட்டைப்பெட்டி, பில், மருந்துச் சீட்டோடு ஒரு பையில் போட்டு வையுங்கள். "பரிசோதித்துத் தருகிறோம்" என்று கேட்டு வரும் கடைக்காரரிடமோ கம்பெனிப் பிரதிநிதியிடமோ கொடுக்க வேண்டாம். திறந்த பாட்டிலின் சோதனை முடிவை, "வீட்டில் ஏதோ கலந்திருக்கும்" என்று எதிர்த்தரப்பு அடித்துப் பேசும். ஆகவே அதே பேட்ச்சில் சீல் உடையாத பாட்டில் கடையில் இருக்கும்போதே, மாதிரி எடுக்கச் சொல்லி மாநில உணவு, மருந்து நிர்வாகத்துக்கு (எஃப்.டி.ஏ.) எழுத்தில் புகார் கொடுங்கள். மருந்துச் சட்டம் 26-ம் பிரிவின்படி, வாங்கியவரே படிவம் 14-ஏ நிரப்பிக் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனை கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. மருத்துவமனைப் பதிவுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். மரணம் நேர்ந்தால் பிரேதப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். அது இல்லாவிட்டால் "சிறுநீரகம் முன்பே கெட்டிருந்தது" என்ற ஒரே வாதம் போதும். 1800-180-3024 என்ற மருந்துக் கண்காணிப்பு எண்ணில் பாதிப்பைப் பதிந்தால் பணம் வராது. தேதியிட்ட ஆவணம் ஒன்று மிஞ்சும்.

பட்டையில் பெரும்பாலும் இரண்டு முகவரி இருக்கும். தயாரித்தவர் இமாச்சலத்தின் பத்தி (Baddi) என்ற ஊரில், சந்தைப்படுத்துபவர் அந்தேரியில். இருவரையும் எதிர்மனுதாரர் ஆக்குங்கள். தன் பெயரில் விற்பவரும் சட்டப்படி உற்பத்தியாளரே. 2021 மார்ச் முதல் மருந்து விதிகளும் தரத்துக்கு அவரைப் பொறுப்பாக்குகின்றன. இதற்காகப் பத்திக்கு ரயிலேற வேண்டியதில்லை, நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையமே போதும். ஆணையத்தின் விசாரணை வரம்பு மருந்துக்குக் கொடுத்த விலையைப் பொறுத்தது. அது 5 லட்சத்துக்கு உட்பட்டால் மனுக் கட்டணமும் இல்லை. மனுச் செய்யக் கெடு இரண்டு ஆண்டு.

குறை மருந்தில் இல்லாதபோது கதை மாறும். வலிப்புக்குத் தரும் கார்பமாசெபின் சிலருக்குத் தோல் உரியுமளவு ஒவ்வாமை தரும். அதை நிறுவனம் மருத்துவருக்கு முறையாகத் தெரிவித்திருந்தால், நுகர்வோர் சட்டத்தின் 87-ம் பிரிவு நிறுவனத்தைக் காக்கும். நோயாளியிடம் சொல்லாத மருத்துவரைத்தான் கேட்க முடியும். வாரம் ஒருமுறை என்று எழுதிய மெத்தோட்ரெக்சேட்டை "தினமும் ஒன்று" என்று உறையில் எழுதிக் கொடுத்தால் பொறுப்பு கடைக்கு. அந்த உறையையும் பத்திரப்படுத்துங்கள்.

எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை மீது நுகர்வோர் ஆணையம் செல்ல முடியாது என்பது 1995-ன் வி.பி. சாந்தா வழக்கிலிருந்தே உள்ள நிலை. அங்கே பாதிக்கப்படும் ஏழைக்கு சிவில் வழக்கோ உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோதான் வழி. புதிய மருந்தை மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வில் சேர்ந்தவர் அதனால் இறந்தால், இழப்பீட்டை 8 லட்சத்தை அடிப்படையாக வைத்துக் கணக்கிட 2019 விதிகளில் சூத்திரமே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. போலி மருந்தால் மரணம் என்றால் குறைந்தது 10 லட்சம் அபராதம் குடும்பத்துக்குச் சேரும் என்கிறது மருந்துச் சட்டத்தின் 27-ம் பிரிவு; அதற்குக் குற்றம் நிரூபணமாகித் தீர்ப்பு வர வேண்டும்.

மகாராஷ்டிர எஃப்.டி.ஏ. உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு: பட்டையை வெட்டி விற்றாலும் பேட்ச் எண்ணோடு பில் தருகிறார்களா என்று கடை கடையாகச் சோதிப்பது.

இப்படிக்கு,
ஒரு நுகர்வோர் வழக்கறிஞர்,
மாட்டுங்கா, மும்பை.